மாதக் கட்டணத்துக்குள் ஒரு பொதுச் சேமிப்பு



சென்ற மாதம் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுது. பக்கத்து வீட்டுப் பாட்டி, காய்கறிப் பையுடன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தார். “ஏம்மா, மாசாமாசம் நாம கட்டுற காசு குப்பை அள்ளத்தானே? இதுக்கு யாரு காசு குடுப்பா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பதில்: பாட்டி, நீங்களும் நானும்தான்!

நகர மன்றங்கள் 1986ல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கின. 1988ல் அதற்கென்றே சட்டம் வந்தது. நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் முழுவதும் அந்தந்த மாதமே செலவாகிவிடுவதில்லை. ஒரு பகுதி ஒதுக்கு நிதியில் சேர்கிறது. சாயம் பூசுவதும் கூரையைச் சரிசெய்வதும் அந்தப் பணத்தில்தான். மின்தூக்கிகளை மாற்றுவதற்கென்று 2017ல் தனி நிதியும் வந்தது. கட்டணத்திலும் அரசாங்க மானியத்திலும் குறைந்தது 14 விழுக்காடு அதற்குப் போகவேண்டும்.

ஊரில் சீட்டுப் பிடிப்பார்களே, அதுபோலத்தான். ஒருவர் கட்டாவிட்டால் சுமை மற்றவர் தலையில் விழும். ஒரு வேறுபாடு உண்டு. இந்தச் சீட்டை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. நமக்குப் பின் குடிவரும் குடும்பத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பொதுப் பணம் என்றால் காவலும் வேண்டும் அல்லவா? 2008ல் லேமன் பிரதர்ஸ் நொடித்தபோது, சில நகர மன்றங்கள் செய்திருந்த முதலீடுகளும் சிக்கலில் மாட்டின. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. பின்னர் 2017ல் சட்டத்தைத் திருத்திக் கண்காணிப்பைக் கூட்டினார்கள். தணிக்கை செய்த கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. ஆனால் அதை நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்க்கிறோம்?

நேயர்களே, இரண்டே வேண்டுகோள். கட்டணத்தைக் காலத்தில் கட்டுங்கள். வேலை போய்விட்டதா, கையில் பணமில்லையா? கடிதம் வரும்வரை ஒளிந்திருக்காமல் முன்கூட்டியே நகர மன்றத்துக்குப் போய்த் தவணை கேளுங்கள். அதில் வெட்கம் எதற்கு? அடுத்து, ஆண்டறிக்கையை ஒருமுறையாவது படியுங்கள். புரியாவிட்டால் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் கேளுங்கள்.

அன்று பாட்டியின் பையை நான் தூக்கிக்கொள்ள, இருவரும் படியேறினோம். நான்காவது மாடியில் நின்று மூச்சு வாங்கியபடி அவர் சொன்னார்: “நம்ம காசுன்னு தெரிஞ்சிருந்தா, முன்னாடியே கணக்குக் கேட்டிருப்பேனே!”