செவியும் கூலியில் சேர்த்தியோ?

(ஒடுகத்தூர் உரை)

இந்த ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து பிழைப்பு நாடிச் செல்லும் நம் பிள்ளைகள், விசைத்தறியின் பேரொலியிலே நாளெல்லாம் நிற்கிறார்கள். தறி நின்ற பின்னும், நள்ளிரவிலே, காதுக்குள் இரைச்சல் ஓய்வதில்லை!

காயமில்லை, குருதியில்லை, ஆகவே முதலாளி ஒப்புவதில்லை. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால், மீண்டும் முளைப்பதில்லை. வெனிஸ் நகரச் செம்புக் கொல்லர்கள் செவிடாவதை 1713-இலேயே எழுதிவைத்தார், இத்தாலிய மருத்துவர் ரமாசினி!

மின்விசையால் இயங்கும் கூடத்தைத் தொழிற்சாலையாகக் கொள்ள, 1948ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பத்துத் தொழிலாளர் போதுமாயிருந்தது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்போ இருபது பேர் கேட்கிறது. பதினைந்து பேர் நிற்கும் கூடத்திலே தறி மெல்லவா ஒலிக்கும்?

வேலைக்குச் சேரும்போதே செவிச்சோதனை கேளுங்கள். பின்னர் ஆண்டுதோறும் கேளுங்கள். முதல் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாளை இழப்பீடு கோரும்போது, “பிறவியிலேயே செவிடு” என்பாருக்கு அதைக் காட்டலாம்.