நீர்க்கரையில் இராத்தங்கல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. மலை இல்லாமையால் வற்றாது ஓடும் ஆறும் இல்லை. ஆயினும் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடையே கடனீரேரி கடலோடு கலக்கும் இடத்தை மக்கள் தொண்டைமானாறு என்றே வழங்கி வருகின்றனர். கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவன் அதனை வெட்டுவித்தான் என்பது செவிவழிச் செய்தி. அந்நீர்க்கரையிலே செல்வச்சந்நிதி முருகன் ஆலயம் அமைந்துள்ளது. அன்னதானக் கந்தன் என்று அடியார் போற்றும் அப்பெருமானின் ஆவணித் திருவிழாவுக்கு முற்காலத்தில் குடும்பங்கள் கூடாரவண்டில்களிலே வந்து சேர்ந்தன. வண்டிலின் கூடாரம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் படுக்கையறை. அதன் கீழுள்ள நிழல் ஆண்களுக்கு. பக்கத்தில் மூட்டிய மூன்று கல் அடுப்பே சமையலறை. படுக்கையும் அடுப்பும் பொருத்திய மோட்டார் வண்டிகளில் இன்று மேலைநாட்டார் ஏரிக்கரைதோறும் சென்று தங்குவதைப் புதுமை என்று வியப்போர் உளர். இந்நாட்டு முதியோருக்கு அதிலே வியப்பதற்கு அதிகம் இல்லை. மாட்டுக்குப் பதிலாக எந்திரம் பூட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்காலத்தார் தங்குமிடத்தை எவ்வாறு தேர்ந்தனர் என்பதை அவர்கள் விட்டுச்சென்ற கற்களே சொல்லும். குடாநாட்டின் பழைய தெருக்களிலே மடமும், அதனருகே கிணறு அல்லது கேணியும், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், மாடுகள் உடம்பை உரைஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் சேர்ந்து அமைந்திருக்கக் காணலாம். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம், தெருவுக்கு மேலேயே கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை கட்டி, வழிப்போக்கரை வரவேற்பது. மனிதனுக்கு நிழல், மாட்டுக்குத் தண்ணீர், சுமைக்கு ஓய்வு என்னும் மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடமே தங்குமிடம் என்பது அவர்கள் கண்ட இலக்கணம். இன்று துணிக்கூடாரம் அடிப்போருக்கும், குழந்தை குட்டிகளோடு செல்வோருக்கும், வண்டியிலேயே உறங்குவோருக்கும் அவ்விலக்கணம் பொருந்தும்.

முதலிலே காற்றை நோக்க வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும். அக்காலத்தில் கூடாரத்தின் வாயில் வடக்கு அல்லது கிழக்கு நோக்கி இருத்தல் நன்று. அடுப்பு, காற்றுச் செல்லும் திசையிலே, கூடாரத்துக்கு அப்பால் இருத்தல் வேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது கடனீரேரி பெருகும். பகலில் மேடாகத் தோன்றிய கரை இரவில் நீருள் அமிழ்ந்துவிடக் கூடும். ஆகையால் தை பிறந்த பின்னர் வரும் மாதங்களே வெளியில் தங்குவோர்க்கு உகந்தவை.

அடுத்து நிலம். கோடையிலே கடனீரேரியின் ஓரம் வற்றி, உப்புப் பூத்து, வெள்ளைத் தரையாகக் கிடக்கும். அது பார்வைக்குக் கெட்டியானது, கீழேயோ சேறு. அதன்மேல் பாரவண்டியை ஓட்டியவன் சில்லுப் புதைந்து நிற்பான். சுண்ணாம்புக்கல் வெளித்தெரியும் தரையிலே கூடார முளை இறங்காது. மணலிலே இறங்கும், ஆனால் நில்லாது. மணல் நிரப்பிய பையைப் புதைத்து அதிலே கயிற்றைக் கட்டுவதே உறுதி. பனை நிழல் அழைக்கும். ஆயினும் ஆடி ஆவணியிலே பனம்பழம் விழும், காவோலை எக்காலத்தும் விழும். பிள்ளைகள் உறங்கும் இடம் பனையின் கீழ் ஆகாது. வேம்பும் புளியும் தரும் நிழலே பொருத்தமானது.

வேறொரு கவனமும் இந்நாட்டிலே தேவைப்படுகிறது. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னும் முகமாலை முதலிய இடங்களிலே கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நீண்டது. மண்டையோட்டுக் குறியிட்ட பலகை நிற்கும் இடத்தையும், ஊரார் கால்படாத பற்றைக்காட்டையும் அழகு கருதி நாடுதல் தகாது. ஊரவர் நாள்தோறும் நடமாடும் நிலமே நல்ல நிலம். அவர்களிடம் கேட்டறியாமல் ஒரு முளையும் அடிக்கலாகாது.

எல்லாவற்றிலும் தலையாயது குடிநீர். நீர்க்கரையிலே தங்குவோர் கண்முன் நீர் பரந்து கிடக்கும். அதில் ஒரு கைந்நீரும் குடிக்க உதவாது. குடாநாட்டின் உயிர்நிலை அதன் கிணறுகளே. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழே பரவியுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, உவர்நீர் பாரமானது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய அறிஞர் கணித்தனர். அக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றும். மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து, அந்நிலை நீடிக்குமாயின், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறத் தலைப்படும். நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்று.

துலாவிலே நீர் அள்ளிய காலத்தில் மனிதனுடைய கைவலியே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் கைவலி இல்லை. பத்து வண்டிகள் வந்து, தொட்டிகளை நிரப்பி, குளிப்புக்கும் கழுவலுக்கும் கரையோரக் கிணற்றை இறைத்தால், விருந்தினர் போன பின்னர் அவ்வூர்த் தாய் குடத்தில் அள்ளுவது உவர்நீராகும். கழிவும் அவ்வாறே. மணல் வடிகட்டும்; வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் வடிகட்டாது. இங்கே குழியில் ஊற்றிய அழுக்கு அயல் கிணற்றுக்கு விரைவிலே சென்று சேரும். ஆகவே குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லுதலும், கழிவறை உள்ள இடத்தையே தேர்தலும், கழிவுத்தொட்டியைக் கண்ட இடத்திலே திறவாமையும் வெறும் நாகரிகம் மாத்திரம் அல்ல. தங்க இடம் தந்த ஊருக்குச் செய்யும் கடமை.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு இடங்களை நோக்கினால் தெரிவு எளிதாகும். குழந்தைகளோடு செல்வோருக்குக் காரைநகரின் கசூரினாக் கடற்கரை ஏற்றது. அங்கே நீர் ஆழமின்றி நெடுந்தூரம் பரந்திருக்கும், சவுக்கமர நிழலும் உண்டு. எனினும் ஆழமின்மையை நம்பிப் பிள்ளைகளைத் தனியே விடலாகாது. பறவைகளைக் காண விழைவோரைச் சுண்டிக்குளம் அழைக்கும். 1938ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகவும், 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட அவ்விடத்தில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றித் தங்குதல் முறையன்று. அதற்கு அணித்தான வடமராட்சி கிழக்கின் கரை, 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை ஏறிய கரை. அங்கு இரவு தங்குவோர் மேட்டுநிலத்துக்குச் செல்லும் வழியைப் பகலிலேயே நடந்து பார்த்தல் வேண்டும். அடியாராகச் செல்வோருக்குச் சந்நிதியின் மடங்கள் இருக்கவே இருக்கின்றன. பசித்து வந்தவருக்கு அங்கே சோறும் உண்டு.

அச்சந்நிதியிலிருந்தே கதிர்காமப் பாதயாத்திரை புறப்படுகிறது. வேல் ஏந்திய அடியார் கிழக்குக் கரை வழியே, நாற்பது நாளுக்கு மேலாக, ஊர்தோறும் நீர்நிலைதோறும் தங்கிச் செல்கின்றனர். போரினால் தடைப்பட்ட அவ்வழிநடை மீண்டும் தொடர்கிறது. அவர்களிடத்திலே விலையுயர்ந்த கூடாரம் இல்லை, வண்டியும் இல்லை. நன்னீர் இருக்கும் இடத்தைக் கேட்டறிந்து தங்கி, விடியலில் அடுப்பின் கல்லைக் கலைத்து, தணலை அவித்துவிட்டு நடக்கிறார்கள். அடுத்து வருபவர்க்கும் அந்நீர் வேண்டும் என்பதை அவர்கள் அறிவர். நீர்க்கரையிலே ஓரிரவு தங்க விரும்பும் எக்குடும்பமும் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அதுவே.