மூன்றரை வட்டி

(நமது குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான நம் குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"கடன் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது, கூட்டம் வருமா என்று சந்தேகமாக இருந்தது. தண்ணீர் லாரிக் கணக்கு என்றால் எல்லோரும் வருவார்கள். கடன் என்றால், வந்தாலே ஏதோ பிரச்சினை இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம் இருக்கும். ஆனாலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நன்றி.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் என்று தலைப்பு கொடுத்தாலே எல்லாப் பேச்சாளர்களும் சொல்லும் அந்த ஒரு வரியை நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே மனப்பாடம். கடனே வாங்காதீர்கள் என்றும் சொல்லப்போவதில்லை. இந்த மூன்று பிளாக்கிலும் வீட்டுக் கடன் இல்லாமல் சாவி வாங்கிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். கடன் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் கடனைத் திட்டினால் நன்றாக இருக்காது.

நான் பேச வந்தது வெட்கத்தைப் பற்றி.

கிளையில் நகைக் கடன் கவுன்ட்டர் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும். கிராமத்துக் கிளையில் வேலை பார்த்தபோது விவசாயிகள் சாதாரணமாக வருவார்கள், மஞ்சள் பையைத் திறந்து சங்கிலியை மேஜைமேல் வைப்பார்கள், பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். விதைப்புக்கு வைப்பார்கள், அறுவடைக்கு மீட்பார்கள். சென்னைக்கு மாற்றலாகி வந்த பிறகு வேறு காட்சி. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள், கூட்டம் குறைந்த பிறகு, மூன்றரை மணிக்கு மேல் வருவார்கள். உள்ளே நுழைந்ததும் தெரிந்த முகம் யாராவது இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். யாராவது இருந்தால் பாஸ்புக் என்ட்ரி போட வந்ததுபோல் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள்.

அதே மனிதரின் பர்ஸில் நான்கு கிரெடிட் கார்டு இருக்கும். அதை எடுத்து நீட்ட எந்தக் கூச்சமும் இருக்காது. பெருமையாகக்கூட இருக்கும்.

இப்போது இரண்டின் விலையையும் நம் பாட்டிமார்களின் பாஷையில் பார்ப்போம். அவர்கள் சதவீதம் பேச மாட்டார்கள். "ஒரு வட்டி", "ரெண்டு வட்டி" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்று அர்த்தம். ஒரு வட்டி என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். ரெண்டு வட்டி என்றால் 24. "அவன் மூணு வட்டிக்கு விடுகிறான்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் நல்லவர் இல்லை என்று பொருள்.

வங்கியில் நகைக் கடன் சுமார் 9, 10 சதவீதம் என்று வையுங்கள். ஒரு வட்டிக்கும் குறைவு. கிரெடிட் கார்டில் முழுப் பணமும் கட்டாமல் பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வரும், சிலவற்றில் 3.75 கூட உண்டு. அதாவது மூன்றரை வட்டி. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டையும் சேர்த்தால் நாலு வட்டியைத் தாண்டிவிடுகிறது. நம் பாட்டி கேட்டால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

பில்லில் "மினிமம் டியூ" என்று ஒரு சின்னத் தொகை போட்டிருக்கும். அதைக் கட்டினால் போதும் என்று நினைக்கிறோம். ஒரு லட்ச ரூபாய் பாக்கி இருக்கிறது, 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். வட்டி 3,500, ஜிஎஸ்டி 630. ஆக 4,130 ரூபாய் அப்படியே போய்விடும். அசலில் குறைவது 870 ரூபாய்தான். மினிமம் டியூ கட்டினால் லேட் ஃபீ வராது, சிபில் அறிக்கையில் தவணை தவறியதாகப் பதிவாகாது. அதன் உபயோகம் அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. பாக்கி வைத்த பிறகு, நீங்கள் இன்று வாங்கும் காய்கறிக்கும் இன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள், 50 நாள் வட்டியில்லாத காலம் என்பது பழைய பாக்கியை முழுதாகக் கட்டுகிறவருக்கு மட்டும்.

இதற்கு உச்சவரம்பே கிடையாதா என்று கேட்பீர்கள். கார்டு பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. நம் மாநிலத்தில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. கிரெடிட் கார்டு அந்தப் பட்டியலில் கிடையாது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். நல்ல கம்பெனியில் வேலை, திடீரென்று போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். எட்டு மாதம் வீட்டுச் செலவு, கார் தவணை எல்லாவற்றையும் கார்டில் தேய்த்தும், கார்டிலிருந்து ரொக்கம் எடுத்தும் ஓட்டினார். ரொக்கம் எடுத்தால் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. கடைசியில் நான்கு லட்சத்துக்கு மேல் பாக்கியோடு, பர்சனல் லோன் கேட்டு என்னிடம் வந்தார். சம்பளச் சான்று இல்லாமல் எப்படிக் கொடுப்பது?

"வீட்டில் நகை ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டம்மாவோட நகை லாக்கர்ல இருக்கு. ஆனா அவகிட்ட கேட்டா வேலை போனது தெரிஞ்சிடுமே" என்றார்.

நான்கு லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 40,000 ரூபாய் வட்டி. 42 சதவீதம் என்றால் 1,68,000. வித்தியாசம் 1,28,000. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதற்கு அவர் வருடத்துக்குக் கொடுக்கத் தயாராக இருந்த விலை அது. மறுநாள் அந்த அம்மாவே நகையோடு வந்தார். கவுன்ட்டரில் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம், "நகை போனா போகட்டும் சார், எட்டு மாசம் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தேனே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெண்களும் மறைக்கிறார்கள். பிறந்த வீட்டுக்கு உதவி செய்தது, சீட்டு எடுத்து ஏமாந்தது என்று தனிக் கணக்கு ஓடும். பிள்ளைகள் பெற்றோரிடம் மறைக்கிறார்கள், பெற்றோர் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள். வீட்டுக்குள் மறைக்கிற கடன் எப்போதும் அதிக வட்டிக் கடனாகத்தான் இருக்கிறது. குறைந்த வட்டிக் கடனுக்கு நகை வேண்டும், பத்திரம் வேண்டும், இன்னொருவர் கையெழுத்து வேண்டும். அதாவது இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். யாருக்கும் தெரியாமல் கிடைக்கும் என்பதுதான் விலையுயர்ந்த கடனின் விளம்பரமே.

இந்த வெட்கத்தை முழுதாகப் புரிந்துகொண்டு தொழில் செய்தவர்கள் போலி லோன் ஆப்காரர்கள். ஆதார், பான், ஒரு செல்ஃபி, பத்து நிமிடத்தில் பணம். நகையும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். அவர்கள் எடுத்துக்கொள்வது உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் போட்டோக்களையும். ஒரு நாள் தவறினால் உங்கள் மேலாளருக்கும் மாமியாருக்கும் செய்தி போகும். அவர்களிடம் அடமானம் இருப்பது உங்கள் மானம். இந்த மிரட்டலில் உயிரை விட்டவர்களின் செய்திகளைப் படித்திருப்பீர்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்று இரவே பேசுங்கள். "எவ்வளவு கடன் இருந்தாலும் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஒழுங்கான டிஜிட்டல் கடன் நிறுவனம் உங்கள் தொடர்பு எண்களையும் கேலரியையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. தொடுகிற ஆப் எதுவானாலும் போலீஸ் விஷயம். சைபர் குற்ற உதவி எண் 1930.

வங்கி அனுப்பும் வசூல் ஏஜென்ட்டுகளுக்கும் விதி உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முந்தைய மாதமே கிளைக்குப் போய்ச் சொல்லுங்கள். முன்கூட்டி வந்து சொல்பவருக்குத் தவணைக் காலத்தை நீட்டிக்கவோ மாற்றி அமைக்கவோ அதிகாரிக்கு வழி இருக்கும். மூன்று தவணை தவறி, போனையும் எடுக்காதவருக்கு எங்களால் செய்ய முடிந்தது மிகவும் குறைவு.

சிலவற்றை வேகமாகச் சொல்கிறேன், சமோசா ஆறுகிறது.

"12 பர்சென்ட் ஃபிளாட்" என்று யாராவது சொன்னால் அது 12 இல்லை. ஒரு லட்சத்துக்கு மூன்று வருடம் என்றால் தவணை 3,778 ரூபாய் வரும். நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், அவர்கள் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசல் கணக்கில் பார்த்தால் 21 சதவீதத்துக்கு மேல். "நோ காஸ்ட் இஎம்ஐ"-யிலும் வட்டி எங்காவது ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கிடைக்காது, அல்லது பிராசஸிங் ஃபீ இருக்கும். 2024 அக்டோபரிலிருந்து தனிநபர் தவணைக் கடன்களுக்கு "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்" என்ற தாளைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த உண்மையான விலை அது. இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

ஜாமீன் கையெழுத்து. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார்" என்று லிஃப்டிலேயே பேப்பரை நீட்டுவார்கள். 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தில், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்று தெளிவாக இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற அவசியம்கூட வங்கிக்கு இல்லை. கையெழுத்துப் போடுவதென்றால் அந்தக் கடனை நாமே வாங்குவதாக நினைத்துப் போடுங்கள். கைமாற்றாகக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடிகிற அளவுக்கு மட்டும் கொடுங்கள். பெரிய தொகை என்றால் புரோநோட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் மூன்று வருடம்தான் ஆயுள்.

கடைசியாக ஒன்று. செயலாளர் இதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். நம் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி தம்பிகள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், ஹவுஸ்கீப்பிங் பெண்கள், இவர்களில் பலர் தண்டலில் இருக்கிறார்கள். 10,000 ரூபாய் கடன் என்பார்கள். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினமும் 100 ரூபாய், 100 நாள். கேட்க எளிமையாக இருக்கும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 120 சதவீதம், பத்து வட்டி. பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் இது அதிகம். அவர்கள் நம்மிடம் முன்பணம் கேட்கத் தயங்குகிறார்கள். ஒருமுறை கேட்டால், "போன மாசம்தானே கொடுத்தேன்" என்று கூடத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தைக்குப் பயந்து அவர்கள் தண்டல்காரரிடம் போகிறார்கள். ஜூன் மாதத்துக்கு முன்பே, தனியாக அழைத்து, "பிள்ளை ஃபீஸுக்கு எவ்வளவு வேண்டும்?" என்று நாமே கேட்கலாம். வட்டி கேட்காதீர்கள். சம்பளத்தில் மாதம் ஆயிரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இதை ஏழு வருடமாகச் செய்கிறோம், ஒரு ரூபாய்கூட வராமல் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 முதல் 11 வரை பி பிளாக் நூலக அறையில் இருப்பேன். கடன் பேப்பர் எதுவானாலும் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிக்கலாம். அறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு, பார்க்கிங் வழியாக வரலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். வரும்போது கண்ணாடியை மறக்காதீர்கள், எழுத்து மிகவும் பொடி.