நூற்றுக்கு இத்தனை என்றால், எந்த நூற்றுக்கு?

(தொழிற்சங்க வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

ஆகாய விமானத்தில் போகும் சரக்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. "உலக வியாபாரம் படுத்துவிட்டது, போனஸ் கிடையாது" என்று முதலாளி சொல்லும்போது புள்ளி விவரங்களைத்தான் காட்டுகிறார். உலக வியாபாரத்தின் போக்கைக் காட்டும் கணக்குகளில் விமானச் சரக்குக் கணக்கும் ஒன்று. அதைப் படிக்கத் தெரிந்தால் மற்றக் கணக்குகளையும் படிக்கலாம்.

எப்படி அளக்கிறார்கள்? எடையைத் தூரத்தால் பெருக்குகிறார்கள். 1 டன் சரக்கு 1,000 கிலோமீட்டர் போனால் 1,000 டன்-கிலோமீட்டர். 2 டன் 500 கிலோமீட்டர் போனாலும் அதே கணக்குத்தான். இந்த மாதத்தை, சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டு ஏற்ற இறக்கம் சொல்கிறார்கள்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். உலக நெருக்கடியின் நடுவே, 2009 ஜனவரியில் சர்வதேச விமானச் சரக்கு 23.2 சதவிகிதம் சரிந்ததாகச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கூறியது. 2010 ஜனவரியில் 28.3 சதவிகிதம் ஏறியதாகக் கூறியது. விழுந்ததைவிட அதிகம் எழுந்துவிட்டதா? கணக்குப் போடுங்கள். 2008 ஜனவரியில் 100 மூட்டை என்று வையுங்கள். 23.2 போனால் மீதி 76.8. இந்த 76.8-க்குத்தான் 28.3 சதவிகிதம், அதாவது 21.7. கூட்டினால் 98.5. பழைய இடத்துக்கே வந்து சேரவில்லை!

இன்னொன்றும் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு அந்நாட்டு ஆலைகள் மூடிக் கிடக்கும். அது 2008-லும் 2010-லும் பிப்ரவரியில் வந்தது. 2009-ல் ஜனவரி 26-லேயே வந்துவிட்டது. நம் தீபாவளி ஓராண்டு அக்டோபரிலும் மறு ஆண்டு நவம்பரிலும் வருவது போலத்தான். ஆகவே 2009 ஜனவரியின் சரிவிலும், அடுத்த ஜனவரியின் ஏற்றத்திலும் பண்டிகைக்கும் பங்கு உண்டு. ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

தோழர்களே! 100 ரூபாய்க் கூலியில் 20 சதவிகிதம் வெட்டினால் 80 ரூபாய். பிறகு "அதே 20 சதவிகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்" என்பார்கள். கையில் வருவது 96 ரூபாய்தான். 4 ரூபாய் போன இடம் தெரியாது!

எனவே பேச்சுவார்த்தை மேஜையில் சதவிகிதத்தைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எந்த மாதத்தோடு ஒப்பிட்டீர்கள், அந்த மாதம் ஆலை எத்தனை நாள் ஓடியது, வெட்டுக்கு முன் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பேசுவோம்.