கிளைடரும் ஒட்சிசன் போத்தலும்

1875ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 15ஆம் நாள் பாரிசு நகரிலிருந்து ‘செனித்’ என்னும் பலூன் மேலெழுந்தது. திசாந்தியே, சிவெல், குரோசே-ஸ்பினெல்லி என்னும் மூவர் அதிலே சென்றனர். உயரே செல்லச் செல்லக் காற்று மெலியும் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். ஆதலால் ஒட்சிசன் செறிந்த காற்றைப் பைகளில் நிரப்பி உடன்கொண்டு சென்றனர். பலூன் ஏறக்குறைய 8,600 மீற்றர் உயரத்தை எட்டியது. ஒட்சிசன் குழாயை எடுக்கத் திசாந்தியே விரும்பினார். ஆனால் கை எழவில்லை. பின்பு அறிவும் மயங்கியது. பலூன் தரையை அடைந்தபோது அவர் ஒருவரே உயிருடன் இருந்தார். அந்நேரத்தில் துன்பம் எதனையும் தாம் உணரவில்லை என்றும், உள்ளத்தில் ஒருவகை மகிழ்ச்சியே நிறைந்திருந்தது என்றும் அவர் பின்னர் எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது யாது? பைகளிலே ஒட்சிசன் இருந்தது. ஆயினும் தக்க வேளையில் அது பயன்படவில்லை. ஒட்சிசன் குறைவினால் வரும் கேடு, தன் வருகையை அறிவித்துக்கொண்டு வருவதில்லை. கெட்டுப்போவது அறிவே ஆதலின், கெட்டுவிட்டது என்பதை அந்த அறிவு அறியமாட்டாது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். கடற்கரையிலும் மலையுச்சியிலும் அப்பங்கு மாறுவதில்லை. மாறுவது காற்றின் அமுக்கமே. 18,000 அடி உயரத்தில் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் பாதியாகிவிடுகின்றது. நம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதாலகாலை 8,281 அடி. அங்கே சென்று வருவோர்க்கு ஒட்சிசன் போத்தல் தேவையில்லை. ஆனால் 25,000 அடியில் ஒட்சிசன் தடைப்பட்டால், ஒருவர் தெளிந்த அறிவுடன் செயற்படக்கூடிய காலம் மூன்று முதல் ஐந்து நிமிடங்களே. 40,000 அடியிலோ அது இருபது செக்கனுக்கும் மேற்படாது.

இனி, எஞ்சினின்றிப் பறக்கும் விமானமாகிய கிளைடருக்கு இத்துணை உயரம் ஏன் என நேயர்கள் வினவக்கூடும். 1919ஆம் ஆண்டு வேர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியின் எஞ்சின் விமானங்களுக்குத் தடைகளை விதித்தது. அதன் பின்னர் அந்நாட்டு இளைஞர் பலர் கிளைடரை நாடினர். வசர்குப்பே என்னும் மலையிலே 1920இல் கிளைடர்ப் போட்டிகள் ஆரம்பமாயின. 1933இல் வொல்ப் ஹேர்த் முதலானோர், மலையைத் தாண்டி வரும் காற்று அலையலையாக எழுவதைக் கண்டு அதனைப் பயன்படுத்தினர். ஆற்றுநீர் பாறையொன்றின் மேலே பாய்ந்து, அப்பால் விழுந்து, மீண்டும் மேலெழுவதை நாம் பார்த்திருக்கின்றோம். காற்றும் அவ்வாறே எழுகின்றது. கலிபோணியாவில் சியெரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் புறத்தில் இவ்வலை மிகவும் வலிமையுடையது. 1952இல் எட்கார், கிளீபோர்த் என்னும் இருவர் அங்கே 44,255 அடிக்கு உயர்ந்தனர். 1961இல் போல் பைக்கிள் தனியொருவராக 46,267 அடியை எட்டினார். இவ்வுயரங்களிலே பறப்பவனுக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்பது ஓர் ஒட்சிசன் போத்தலே.

போத்தல் என்று பறப்போர் வழங்கினும், அது கண்ணாடியாலானதன்று. தடித்த உருக்கினாலோ அலுமினியத்தினாலோ அமைந்த உருளையாகும். மூன்று லீற்றர் நீர் கொள்ளும் ஒரு போத்தலில் வளிமண்டல அமுக்கத்தைப் போல் இருநூறு மடங்கு அமுக்கத்தில் ஒட்சிசனை அடைத்தால், ஏறக்குறைய 600 லீற்றர் வாயு அதனுள் அடங்கும். நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் வீதம் செலவாயின் அது ஐந்து மணி நேரத்துக்குப் போதும். அவ்வமுக்கத்திலே சுவரின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறக்குறைய 2,900 இறாத்தல் பாரம் அழுத்துகின்றது. போத்தல் நலிந்திருந்தால் அது தரையிலேயே வெடித்து அருகில் நிற்போரைக் கொல்லும். ஆகவே இரு கவலைகள் எழுகின்றன. ஒன்று, போத்தல் உறுதியாய் இருத்தல் வேண்டும். மற்றொன்று, அதனுள்ளே தக்க வாயு தக்க அளவில் இருத்தல் வேண்டும்.

மண்பானை வாங்கச் செல்பவள் அதனைத் தட்டிப் பார்த்து வாங்குகின்றாள். உருக்குப் போத்தலையோ நீரினாற் சோதிக்கின்றார்கள். முதலில் உள்ளும் புறமும் துருவோ வடுவோ உண்டோ என்று பார்ப்பர். பின்னர் போத்தலை நீரால் நிரப்பி, நீர் நிறைந்த வேறொரு கலத்தினுள் அமைத்து, வழமையான அமுக்கத்திலும் கூடிய அமுக்கத்தைச் செலுத்துவர். அமெரிக்க விதிப்படி, 1,800 இறாத்தல் அமுக்கத்துக்குரிய உருக்குப் போத்தலொன்று 3,000 இறாத்தலிலே சோதிக்கப்படுகின்றது. அப்போது போத்தல் சிறிது விரியும். வெளிக்கலத்திலிருந்து தள்ளப்படும் நீர் அவ்விரிவைக் காட்டும். அமுக்கத்தை நீக்கியதும் அது பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும். வளைத்த மூங்கில் கையை விட்டதும் நிமிர்வதைப் போன்றது இது. சுருங்காது எஞ்சிய விரிவு மொத்த விரிவில் பத்தில் ஒரு பங்கை மீறினால் அப்போத்தல் தள்ளப்படும். சோதனைக்கு நீரைக் கையாள்வதற்கும் காரணம் உண்டு. நீர் பெரிதும் நெருங்கி ஒடுங்காதது. ஆதலாற் போத்தல் பிளந்தாலும் வாயுவைப் போலச் சிதறியடிக்காது. தேறிய போத்தலின் கழுத்திலே மாதமும் ஆண்டும் பொறிக்கப்படும். அந்நாட்டில் இவ்வகை உருக்குப் போத்தல்கள் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கொருமுறை சோதிக்கப்படுகின்றன.

நிரப்புதலிலும் மிகுந்த அவதானம் வேண்டும். துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிப்போர் பம்பின் அடிப்பாகம் சுடுவதை உணர்ந்திருப்பர். வாயு விரைந்து நெருக்கப்படும்போது வெப்பம் பிறக்கின்றது. எனவே வால்வை மெல்ல மெல்லத் திறத்தல் வேண்டும். அமுக்கமிகுந்த ஒட்சிசனுடன் எண்ணெயோ கிரீசோ சேருமாயின் தீப்பொறி இல்லாமலே தீ மூளக்கூடும். எண்ணெய் படிந்த கையினாற் கூட வால்வைத் தொடலாகாது. உயரத்துக்குரிய ஒட்சிசன் ஈரமற்றதாகவும் இருத்தல் அவசியம். 30,000 அடியில் வெளிக்குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டும். சிறுதுளி ஈரமும் பனிக்கட்டியாகிக் குழாயை அடைத்துவிடலாம். நீரினாற் சோதித்த போத்தலை முற்றாக உலர்த்துவதும், போத்தலை ஒருபோதும் அடியோடு வெறுமையாக்காமற் சிறிது அமுக்கத்தை உள்ளே விட்டுவைப்பதும் இக்காரணம் பற்றியே.

பிறநாட்டிலிருந்து வந்த போத்தலில் இச்சிக்கல்கள் பெருகுகின்றன. 1960ஆம் ஆண்டுகள் தொடக்கம் ஜேர்மன் கிளைடர்கள் பல அமெரிக்காவுக்குச் சென்றன. ஆசனத்தின் பின்னே ஜேர்மன் போத்தலின் அளவுக்கே இடம் அமைக்கப்பட்டிருக்கும். போத்தலும் உடன் வந்திருக்கும். அதிலே பொறித்துள்ள அளவு வேறு, வால்வின் புரி வேறு, சோதித்தோரின் முத்திரையும் வேறு. நிறத்தை நம்புவதற்கும் இல்லை. அமெரிக்காவில் ஒட்சிசனுக்குப் பச்சை நிறம் வழங்குகின்றது. ஜேர்மனியிலோ முன்னர் நீலமும் பின்னர் தோளில் வெள்ளையும் வழங்கலாயின. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தரமுத்திரை இல்லாத போத்தலை நிரப்ப அங்குள்ள நிலையத்தார் பெரும்பாலும் மறுத்துவிடுவர்.

உரிமையாளனுக்கு இது பெருங்குறையாகத் தோன்றுவது இயல்பே. புதிய போத்தல், வேலைத்திறனிற் பெயர்பெற்ற நாட்டின் ஆக்கம், அங்கே சோதிக்கப்பட்டும் வந்திருக்கின்றது. சட்டம் வீதியிலே கொண்டுசெல்லும் போத்தலுக்கே உரியது, கிளைடரிற் பூட்டியிருக்கும் போத்தலுக்கு அது பொருந்தாது என்று வாதிடுவோரும் உளர். ஆனால் அக்கிளைடரே இழுவை வண்டியில் ஏற்றப்பட்டு நெடுஞ்சாலை வழியே செல்வது அன்றாட நிகழ்ச்சி. இன்னும் சிலர், பொருந்தாத இரு புரிகளைப் பொருத்தும் இணைப்பொன்றைத் தாமே கடைந்தெடுத்து, வீட்டுக் கொட்டகையிலே நிரப்பிக்கொள்ள முற்படுவர். இங்கேதான் ஆபத்து உள்ளது. ஏறத்தாழப் பொருந்தும் புரி, அமுக்கம் ஏறும்போது கழன்று பாயும். வேற்றளவில் எழுதிய இலக்கத்தைப் பிழையாகப் படித்தால் போத்தல் தாங்காத அமுக்கம் அதனுட் புகும்.

நிரப்புநிலையத்தானின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. போத்தலின் வரலாற்றை அவன் அறியான். அது எத்தனை முறை நிலத்தில் விழுந்தது, உள்ளே துரு எவ்வளவு ஏறியுள்ளது என்பனவற்றைக் கண்ணாற் காணவும் இயலாது. தனக்குப் படிக்கத் தெரிந்த முத்திரை ஒன்றே அவனுக்குச் சாட்சி. முத்திரை என்பது ஒருவரையொருவர் கண்டறியாத இருவர்க்கிடையே நிற்கும் வாக்குறுதி ஆகும். ஜேர்மன் முத்திரை பொய்யானதன்று. அது அவன் படிக்கக் கற்ற மொழியிலே எழுதப்படவில்லை என்பதே உண்மை. ஆதலின் அவனுடைய மறுப்பைப் பிடிவாதம் என்று இகழ்வது பொருந்தாது. பறக்கும் நாட்டின் முத்திரையுடைய போத்தலை வாங்கி, அதற்கேற்ற வால்வையும் பிடிப்பையும் தகுதியுடையோரைக் கொண்டு அமைத்துக்கொள்வதே நேரிய வழி. செலவு கூடும், சில நாட்பறப்பும் தவறும்.

வெள்ளம் வருமுன்னே அணை கோலுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. எல்லாத் துறைக்கும் பொருந்தும் இம்மொழி, உயரப் பறப்போர்க்கு ஒருபடி மேலாகப் பொருந்துகின்றது. ஏனையோர் ஆபத்து வந்தபின்னராவது சிந்திக்கலாம். 25,000 அடியில் ஒட்சிசன் இழந்தவனுக்குச் சிந்திக்கும் ஆற்றலே எஞ்சுவதில்லை. திசாந்தியேயின் உள்ளத்தை நிறைத்த அந்தப் பொய் மகிழ்ச்சி அவனையும் நிறைக்கும். எனவே அவன் செய்யவேண்டிய சிந்தனை முழுவதையும் தரையிலேயே, அறிவு தெளிந்திருக்கும் வேளையிலேயே செய்து முடித்தல் வேண்டும். போத்தலின் கழுத்திலுள்ள ஆண்டைப் படித்தல், அமுக்கமானியைப் பார்த்தல், குழாயை ஊதிப் பார்த்தல் ஆகியவை சிறு செயல்களே. ஆனால் வானிலே அறிவு கைவிடும் நேரத்தில் அவனைக் காப்பவை, தரையிலே அவன் செய்துவிட்டுச் சென்ற இச்சிறு செயல்களே ஆகும்.