கொடுமுடிக் கோகிலம்

 

கச்சேரிப் பாட்டு வேறு, நாடகப் பாட்டு வேறு என்று பிரித்துப் பேசுவாங்க. இரண்டையும் ஒரே குரலில் ஆண்டவர் கே.பி.சுந்தராம்பாள். கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடை. கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகக் கேட்கணும், ராகமும் கெடக்கூடாது. அதுதான் அவர் படித்த கல்லூரி!

கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல் மறைந்தார். அன்று முதல் வெள்ளைச் சேலை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி. இருபத்தைந்து வயதில் இப்படியொரு முடிவு! அத்தோடு வாழ்க்கை நின்றுபோச்சா? இல்லீங்க. 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1951-இல் சென்னை மாநில மேலவை உறுப்பினர். 1953-இல் 'ஔவையார்'. 1970-இல் பத்மஸ்ரீ.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தம்பி தங்கைகளே, 'அனுசரிச்சுப் போ'ன்னு உங்களிடம் பலரும் சொல்வாங்க. போங்க, தப்பில்லை. ஆனால் எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதை நீங்களே முடிவு பண்ணுங்க. அதற்கு முன்னால் வித்தையைக் கைவசமாக்குங்க. வித்தை இருந்தால்தான் நம் நிபந்தனைக்கும் மதிப்பு.