ஏலத்தில் ஒரு வினா

பிரிட்ஜ் ஆட்டத்தில் கையிலுள்ள சீட்டை ஏலத்தாலேயே கூட்டாளிக்கு உணர்த்த வேண்டும். கூறத்தக்க ஏலங்கள் 35 மட்டுமே. ஆதலால் சிக்கனம் வேண்டும்.

நான் 'ஓர் ஆர்ட்டின்' என்கிறேன். கூட்டாளி 'மூன்று ஆர்ட்டின்' என்று ஆதரிக்கிறார். பன்னிரண்டு பிடி எட்டுமோ என்றறிய, அடுத்த படியான 'மூன்று இஸ்பேட்' என்பதை வெறும் வினாவாக்கிக்கொண்டோம்: 'எவ்வினத்தில் உமக்கு ஒரே சீட்டு, அல்லது அதுவும் இல்லை?' 'மூன்று நோட்ரம்ப்' என்றால் இஸ்பேட்டில். 'நான்கு கிளாவர்', 'நான்கு டைமண்ட்' என்றால் அவ்வவ்வினத்தில். எதிலும் குறைவில்லையேல் 'நான்கு ஆர்ட்டின்'. எப்படியும் வாங்கவேண்டிய நான்கைத் தாண்டாமல் விடை முழுதும் அடங்கிவிடுகிறது! இஸ்பேட் துருப்பாயின் 'மூன்று நோட்ரம்ப்' வினாவாகும்.

எதிரிகள் கேட்டால் இவ்வுடன்பாட்டை ஒளிக்காமல் விளக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு நேர்ந்த இடர் வேறு. ஒரு போட்டியில் நான் வினவ, நண்பர் உடன்பாட்டை மறந்து, என்னிடம் மெய்யாகவே இஸ்பேட் மிகுந்திருப்பதாக நம்பி, 'நான்கு இஸ்பேட்' என்றார். என் கையிலோ ஒற்றை இஸ்பேட்! 'ஐந்து ஆர்ட்டின்' என்று தப்ப முயன்றேன். கிடைத்தவை பத்துப் பிடிகள். நான்கு ஆர்ட்டினுக்கு அவையே போதுமாயிருந்தன.